யூனிட் சரிதான், கணக்குதான் தப்பு

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

வடசென்னையில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு பழைய கட்டடத்தில், இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுவது பிழைப்பு. கிண்டியில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தே இதைக் கொடுத்திருக்கலாம். ஆனால் மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போடும் கரண்ட் பில் என் வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை, அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். எனக்குத் திரும்ப வரவேண்டிய பணம் எப்போதோ வந்துவிட்டது. பாக்கி கேட்டு எழுதும் கடிதம் இது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 மே மாதக் கடைசியில் என் போனுக்குக் கரண்ட் பில் குறுஞ்செய்தி வந்தது. 3,020 ரூபாய். அதற்கு முந்தைய பில் 585. அதற்கும் முந்தையது 585. அம்மாவிடம் காட்டினேன். "இன்று இரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பரைக் கூப்பிடு" என்று வருமே, அந்த மாதிரித் திருட்டுச் செய்தியாக இருக்கும், தொடாதே என்றார். அப்படி இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கத்திரி வெயிலில் ஏ.சி. ஓடியது உண்மை. பில் ஏறும் என்பதும் தெரியும். என்னை உறுத்தியது மே மாத பில் இல்லை, அதற்கு முந்தைய இரண்டும்தான். டிசம்பர், ஜனவரிக்கு 280 யூனிட். பிப்ரவரி, மார்ச்சுக்கும் அதே 280 யூனிட். பேரேட்டில் ஒரே தொகை அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பது எங்கள் தொழிலில் பழக்கம். மார்கழியில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுத் தூங்கிய வீட்டில், பங்குனி வெயிலிலும் அச்சு அசலாக அதே 280 எப்படி வரும்?

எங்கள் வீட்டில் ஒரு பால் கணக்கு நோட்டு உண்டு. மாதக் கடைசியில் கீழே போய் மீட்டரைப் பார்த்து, பால் பாக்கெட் கணக்குக்குக் கீழேயே அந்த எண்ணையும் எழுதி வைப்பது அம்மாவின் வழக்கம். ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். அந்த நோட்டில் ஜனவரி 28 அன்று 18,340. மார்ச் 28 அன்று 18,760. மே 28 அன்று 19,250. அதாவது பிப்ரவரி, மார்ச்சில் நாங்கள் எரித்தது 420 யூனிட். ஏப்ரல், மே மாதங்களில் 490. ஆனால் மார்ச்சில் பதிவாகியிருந்த ரீடிங் 18,620. மீட்டர் ஒருநாள் அந்த எண்ணைக் கடந்துதான் வந்திருக்கும். மார்ச் 28 அன்று நிச்சயமாக அங்கே நிற்கவில்லை. யாரோ போன தடவையின் 280ஐ அப்படியே கூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். மார்ச்சில் ரீடிங் எடுக்கும் கணக்கீட்டாளர் வந்தபோது கதவு பூட்டியிருந்திருக்கும் என்றார்கள். எங்கள் கட்டடத்தில் ஆறு மீட்டர்களும் மாடிப்படிக்குக் கீழே, தெருவைப் பார்த்தபடி ஒரே பலகையில் இருக்கின்றன. அங்கே கதவு இல்லை. பூட்டு இல்லை. பகல் முழுவதும் ஒரு நாய் படுத்திருக்கும், அதுவும் யாரையும் ஒன்றும் செய்யாது.

இதைச் சொன்னதும் கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "சார், மொத்தத்துல பாருங்க. எரிச்ச யூனிட்டு உங்களுதுதானே? அன்னிக்குக் கம்மியா போட்டதை இன்னிக்குச் சேத்துப் போட்டிருக்கு. எக்ஸ்ட்ரா ஒரு யூனிட்டு இருக்கா?"

இல்லை. ஒரு யூனிட்கூட அதிகம் இல்லை. மார்ச் பில்லின் 280ஐயும் மே பில்லின் 630ஐயும் கூட்டினால் 910. அம்மாவின் நோட்டுப்படி 420ஐயும் 490ஐயும் கூட்டினாலும் 910. கேட்பதற்கு இதைவிட நியாயமான பதில் கிடையாது. இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். நானும் படியிறங்கி, ஒரு டீ குடித்து, வண்டியைக் கிளப்பி பாதி தூரம் வந்த பிறகுதான் புரிந்தது.

நம் ஊரில் மின்சாரம் அரிசி மாதிரி கிலோ இவ்வளவு என்று ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. மேலே போகப் போக விலை ஏறும். கட்டண ஆணையே உங்களுடையது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் கட்டணப்படி வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 8, 9, 10, 11 என்று படி ஏறும். அதோடு, அந்த இரண்டாவது நூறுக்குக் கிடைத்த பாதி விலையும் பறிபோகும். இதனால் 500 யூனிட் எரித்தவர் கட்டுவது 1,725 ரூபாய், 510 யூனிட் எரித்தவர் கட்டுவது 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். (2024 ஜூலையில் இதன்மேல் 4.83 சதவீத உயர்வும் வந்தது. என் பில் பழைய விலையில் வந்தது என்பதால் அதையே வைத்துப் பேசுகிறேன்.)

இப்போது என் கணக்குக்கு வருவோம். 420 யூனிட்டுக்கு 1,245. 490 யூனிட்டுக்கு 1,665. இரண்டும் சேர்த்து 2,910 ரூபாய் நான் கட்டியிருக்க வேண்டும். கட்டச் சொன்னது 585ம் 3,020ம், ஆக 3,605. உண்மையில் எந்த இரண்டு மாதத்திலும் 500ஐத் தொடாத வீடு நாங்கள். யாரோ ஒருவர் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்க்காததால் 500ஐத் தாண்டிய வீடாகிவிட்டோம். வித்தியாசம் 695 ரூபாய்.

695 ரூபாய்க்கா இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்கலாம். எங்கள் முதலாளியும் கேட்டார். அவர் கடையில் 695 ரூபாய் விடுபட்டால் என்னை வீட்டுக்கு அனுப்புவாரா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஃபியூஸைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக 3,020ஐக் கட்டிவிட்டு, நோட்டின் நகலோடு மனு கொடுத்தேன். நாலு நடை நடந்தேன். நாலாவது தடவை உதவிப் பொறியாளரையே பார்க்க முடிந்தது. நல்ல மனிதர். நோட்டைப் பார்த்தார், 280, 280 என்ற இரண்டு பதிவுகளையும் பார்த்தார், சிரித்தார். 910ஐ இரண்டாகப் பிரித்து 455, 455 என்று போடச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் 1,455, மொத்தம் அதே 2,910. ஆகஸ்ட் பில்லில் 695 ரூபாய் கழிந்து வந்தது. அவர் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

அந்தப் பத்து நிமிடம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. பிரித்துப் போட வழி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வராதபோது முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு எடுத்த நான்கு மாத ரீடிங்கை இரண்டாகப் பிரித்து, கட்டிய பணத்தைக் கழித்தார்கள். அதிலும் தகராறு வந்து உயர் நீதிமன்றம் வரை போனது, அது வேறு கதை. பிரிப்பது சாத்தியம் என்று ஊருக்கே தெரிந்த விஷயம் அது. என் பில்லில் ஏன் தானாகப் பிரியவில்லை? உதவிப் பொறியாளரே விளக்கினார். கதவு பூட்டியிருந்தது என்று பதிவு செய்திருந்தால் அது உத்தேசம் என்று கணினிக்குத் தெரிந்திருக்கும். 18,620 என்பதை நிஜ ரீடிங் மாதிரியே பதிவு செய்துவிட்டதால், இந்த வீட்டில் மார்ச் வரை சிக்கனம், அப்புறம் தாராளம் என்று அது எடுத்துக்கொண்டது.

கணக்கீட்டாளரை நான் குறை சொல்ல வரவில்லை. பிறகு ஒருநாள் அவரைப் பார்த்துப் பேசினேன். மூன்று பேர் பார்க்க வேண்டிய பகுதியைத் தான் ஒருவனே பார்ப்பதாகச் சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சரி, என் கதை 2023ல் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் எழுதுகிறேன்? இந்த வருடம் கீழ்வீட்டில் அதே நடந்தது. ஏப்ரல் முதல் தேதி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். வீட்டில் ஏ.சி. கிடையாது. மே மாதக் கடைசியில் வந்த பில்லைப் பார்த்து அந்தப் பெண், "அண்ணே, ஒரு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும்தான் ஓடுது, மெட்ராஸ்ல கரண்ட் இம்புட்டு விலையா?" என்று என்னிடம் கேட்டார். இரண்டு ஏ.சி. ஓட்டிய முந்தைய குடித்தனக்காரர் மார்ச்சில் காலி செய்யும்போது உத்தேச பில்லைக் கட்டி, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு மேடவாக்கம் போய்விட்டார். அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது, வந்த பில்லைத்தான் கட்டினார். அவருடைய பங்குனி வெயிலுக்கு இந்தப் பெண் பணம் கட்டினார். என்னிடமாவது அம்மாவின் நோட்டு இருந்தது. குடிவந்த அன்று மீட்டரைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? வீட்டு உரிமையாளரைக் கேட்டால் "அது உங்களுக்கும் கரண்ட் ஆபீஸுக்கும்" என்கிறார்.

சென்னையில் இப்படி வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இதுதான் 695 ரூபாயைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. உத்தேசமாகப் போட்ட ரீடிங் என்றால் பில்லிலும் குறுஞ்செய்தியிலும் "உத்தேசம்" என்று தமிழில் ஒரு வார்த்தை போட உத்தரவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை இருந்தால் மார்ச்சிலேயே நான் கீழே போய் மீட்டரைப் பார்த்திருப்பேன். கீழ்வீட்டு உரிமையாளரும் அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கு முன் ஒரு தடவை யோசித்திருப்பார். அடுத்து, இரண்டு பில்லில் ஒரே யூனிட் எண்ணிக்கை வந்தால், அல்லது பில் திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால், நுகர்வோர் மனு எழுதும்வரை காத்திருக்காமல் அலுவலகமே சரிபார்க்கட்டும். இதற்குப் பெரிய மூளை வேண்டாம், எங்கள் கடைக் கணினியே சிவப்பில் காட்டும். உத்தேசம் என்று தெரிந்துவிட்டால் யூனிட்டைப் பிரித்துப் போடுவது தானாக நடக்க வேண்டும். கேட்டவனுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது சலுகை ஆகிவிடுகிறது.

மத்திய அரசு 2020 டிசம்பர் கடைசியில் வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு தடவை மீட்டரைப் பார்க்க முடியாமல் போனால், நுகர்வோரே மீட்டரைப் படம் எடுத்து, தேதியோடு, பதிவு செய்த செல்பேசியிலிருந்தோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். அனுப்பினால் உத்தேச பில் போடக் கூடாது. ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் உத்தேச பில் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவும் அப்படித்தான்: பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டினால் தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. இதெல்லாம் எனக்கு அந்த நாலு நடைக்குப் பிறகு, கடையில் பக்கத்து சீட்டு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரியும். குறைதீர் மன்றம் என்று ஒன்று இருப்பதும், அதற்கு மேல் உங்கள் வளாகத்திலேயே மின் குறைதீர்ப்பாளர் இருப்பதும் அவர் சொன்னதுதான். கவுண்டர் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினால் போதும், படம் அனுப்ப வேண்டிய எண்ணையும் சேர்த்து. இப்போது அந்தச் சுவரில் 2019 காலண்டர் தொங்குகிறது.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். மாதா மாதம் கணக்கெடுப்பு என்று 2021 தேர்தலில் வாக்குறுதியும் கொடுத்தார்கள். வரட்டும், சந்தோஷம். அதுவரை அடுத்த பங்குனி காத்திருக்காது.

பால் கணக்கு நோட்டின் மூன்று பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். மூன்றாவது பக்கத்தின் ஓரத்தில் பால்காரருக்குத் தரவேண்டிய 84 ரூபாய் என்று இருக்கும். அதைக் கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு வீட்டு மின் நுகர்வோர்