எட்டுப் பாட்டுக்குப் பணம் கட்டினேன், நான்குதான் வந்தது

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
பெறுநர்: மேலாளர், பழைய சிடி விற்பனைப் பிரிவு

பொருள்: பிரிட்டனின் ராக் குழுவான ரேடியோஹெட்டின் 'மை அயர்ன் லங்' இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய பாட்டுத் தொகுப்பு) – கேட்ட பதிப்பு வராதது குறித்து

ஐயா,

தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் இந்தச் சிடிக்காக 480 ரேண்ட் கட்டினேன். "ஆஸ்திரேலியப் பதிப்பு, 8 பாட்டு" என்று உங்கள் பட்டியலில் இருந்தது. பார்சல் சொன்ன நாளில் வந்தது, சிடியில் கீறலும் இல்லை. ஆனால் வந்தது பிரிட்டனில் இரண்டாகப் பிரித்து விற்ற சிடிகளில் முதலாவது. அதில் நான்கே பாட்டு.

தொலைபேசியில் கேட்டேன். "மிச்சப் பாட்டெல்லாம் ஆல்பத்துலயே இருக்கும்க்கா, அதை வாங்கிக்குங்க" என்றார் உங்கள் ஊழியர். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சொன்னது தவறு. அவர் சொன்ன 'தி பெண்ட்ஸ்' ஆல்பத்தில் இந்த இ.பி.யிலிருந்து இடம்பெற்றது தலைப்புப் பாட்டு ஒன்றுதான். 2009இல் வந்த மறுபதிப்பின் கூடுதல் சிடியில் மற்றவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். நான் பணம் கட்டியது அதற்கல்ல.

அந்த ஆல்பம் 1994 அக்டோபரில் வந்திருக்க வேண்டியது. குழுவின் முந்தைய பாட்டான 'கிரீப்' பெரிய வெற்றி பெற்றதும் அடுத்ததும் அப்படியே வேண்டும் என்று நெருக்கடி, லண்டன் ஆர்.ஏ.கே. ஸ்டூடியோவில் வேலை நகரவில்லை. மே மாதம் லண்டன் அஸ்டோரியா அரங்க மேடையில் வாசித்ததையே எடுத்துக்கொண்டு, குரலை மட்டும் மறுபடி பதிவுசெய்து தலைப்புப் பாட்டை முடித்தார்கள். செப்டம்பரில் இ.பி. வந்தது. ஆல்பம் வர 1995 மார்ச் ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில்தான் என் அண்ணன் வேலைக்காக சிட்னி போனார். முதல் சம்பளத்தில் இந்த எட்டுப் பாட்டுச் சிடியை வாங்கி அனுப்பினார். "ஆல்பம் தாமதமாம், அதுவரை இதைக் கேட்டுக்கிட்டிரு பாப்பா" என்று ஒரு துண்டுச்சீட்டும் உள்ளே இருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் சத்தத்தைக் குறைத்து வைத்து, கடைசியில் வரும், வெறும் கிட்டாரோடு பாடிய 'கிரீப்' வரை கேட்டுவிட்டுத்தான் படுப்பேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கீழ் அறை மூழ்கியபோது சிடியும் போனது, சீட்டும் போனது. சீட்டு இனிக் கிடைக்காது. சிடியாவது அதே பதிப்பாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் தேடினேன். நீங்கள் அனுப்பியதில் அந்தக் 'கிரீப்' இல்லை.

விவரிப்பை மட்டும் நம்பி வாங்கும் பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே பெயர் என்பதால் இரண்டு பதிப்பும் ஒன்றாகிவிடாது.

ஆஸ்திரேலியப் பதிப்பு உங்களிடம் உண்மையிலேயே இருந்தால் அதை அனுப்புங்கள், இன்னும் ஒரு வாரம் காத்திருக்கிறேன். இல்லையென்றால் 480 ரேண்டையும் திருப்பித் தந்து, இந்தச் சிடியை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள அந்த வரியையும் இன்றே திருத்துங்கள். ரசீதின் நகலும் சிடியின் பின்னட்டைப் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்