ஒரு பேட்டரிக்கு எட்டு வாரமா? ரீயூனியன் கைபேசி விற்பனையாளர்களுக்குத் திறந்த மடல்

ரீயூனியன் தீவில் கைபேசிகளை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனத்தாருக்கும், அந்தந்த பிராண்டுகளின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் சேன்-ஆந்த்ரேயில் உங்கள் கடைகளில் ஒன்றுக்கு மூன்றாவது முறையாகப் போனேன். கேட்டது ஒரே ஒரு பேட்டரி. கவுன்டரில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, “கப்பலில்தான் வரணும். ஆறு வாரம் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். புதுப் போன் என்றால் இப்பவே தருகிறேன், மூன்று நிறத்தில் இருக்கிறது” என்றான். முதல் முறை போனபோதும் இதே ஆறு வாரம், எட்டு வாரம்தான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கையில் இல்லாததை அவன் எப்படித் தருவான்? கையில் இல்லாதபடி வைத்திருப்பவர்கள் நீங்கள், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இந்த மடல் பிரெஞ்சிலும் உங்களுக்கு வந்து சேரும். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து வந்து, இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான இந்தத் தீவில் குடியேறிய குடும்பங்களில் வயதானவர்களுக்கு ஊரோடு மிச்சமிருக்கும் தொடர்பு போன்தான். அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். நீங்கள் விற்கும் போன்களுக்கான பேட்டரிகளைத் தீவிலேயே இருப்பு வையுங்கள்.

என் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பிரான்ஸிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமுள்ள பகுதிகளில் நம் தீவும் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருக்கும். அம்மாவின் மேல்கையில் ஒரு நாணயம் அளவுக்கு சென்சார் ஒட்டியிருக்கிறது. 14 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது சர்க்கரையை அளந்து ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும். சர்க்கரை இறங்கினால் போன் சத்தம் போட்டு எழுப்பும். புதிய தொழில்நுட்பத்தில் நான் மனதாரக் கையெடுத்துக் கும்பிடும் ஒன்று உண்டென்றால் அது இந்தச் சென்சார்தான். ஆனால் அதற்கென்று வாய் கிடையாது. சத்தம் போடுவது போன். போன் அணைந்துவிட்டால் சென்சார் சும்மா அளந்துகொண்டே கிடக்கும்.

அப்படித்தான் ஆனது. ஒரு ராத்திரி படுக்கும்போது அம்மாவின் போன் 46 சதவீதம் காட்டியது. காலையில் நான் எழுந்து பார்த்தபோது போன் செத்துக் கிடந்தது. அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். ரவிக்கை முழுக்க வேர்வை. மடியில் சர்க்கரை டப்பா, விரலெல்லாம் சர்க்கரை. “கை நடுங்குச்சுடா தம்பி, உன்னை எழுப்ப வேணாம்னு பார்த்தேன்” என்றார். போனைச் சார்ஜில் போட்டு உயிர்ப்பித்ததும், சென்சார் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த இரவு அளவுகளை எல்லாம் கொண்டு வந்து கொட்டியது. மூன்று இருபதுக்கு 54. எச்சரித்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் போன் அணைந்து கிடந்திருக்கிறது.

பழைய பேட்டரி இப்படித்தான் ஏமாற்றும். வயதாக ஆக உள்ளே மின்தடை கூடிவிடும். போன் கொஞ்சம் அதிகமாக இழுத்ததும் வோல்டேஜ் சட்டென்று விழும், 46 சதவீதம் என்று காட்டிய போனே அணைந்துபோகும். அன்றைக்குத்தான் போனைக் கழற்றாமலே சுற்றிலும் தடவிப் பார்த்தேன். பின்மூடியின் இடது ஓரம் தூக்கியிருந்தது. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. திரையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் நடுவில் லேசான மேடு. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான், அன்று காலைதான் அதைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.

என்னிடம் இன்னொரு போன் இருந்தது. வருடத்துக்கு ஒன்று மாற்றும் ஆசை பிடித்தவன், அதனால் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒன்று கிடக்கும். அதை அம்மாவுக்குக் கொடுத்தேன். எழுத்துப் பெரிதாக்கி, காரைக்காலில் இருக்கும் சித்தியின் படத்தை முகப்பில் வைத்து, புதுச் சென்சாரை அதில் இணைத்து, எல்லாம் செய்தேன். அப்படியும் அம்மா கடைசிவரை பழைய போனில் பொத்தான் இருந்த இடத்தைத்தான் அழுத்திப் பார்த்தார். சரி, எங்கள் வீட்டில் ஒரு மாற்றுப் போன் இருந்தது. இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? உங்கள் மூன்று நிறத்தில் ஒன்றைத் தவணையில் வாங்குவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் திரை, கேமரா, மின்சுற்றுப் பலகை எல்லாம் குப்பைக்குப் போகும்.

பேட்டரி ஏன் வருவதில்லை என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். லிதியம் அயான் பேட்டரியைத் தனியாக, சரக்காக, பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேச விதி இருக்கிறது. போனுக்குள் பொருத்தியிருந்தால் ஏற்றலாம். தீவுக்கு விமானத்தில் வரும் சரக்கில் பெரும்பகுதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் வருகிறது. ஆக, புதுப் போன் பதினோரு மணி நேரத்தில் பறந்து வந்துவிடும், அதே பேட்டரி தனியாக என்றால் கப்பல். விதி நியாயமானது. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

நான் கேட்பது, கப்பலிலேயே கொண்டு வாருங்கள், ஆனால் நான் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டு வந்து வையுங்கள் என்பதுதான். ல போர் துறைமுகத்தில் மின்சாரக் கார்கள் இறங்குகின்றன. 50 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள ஒரு கார் என்றால், அம்மாவின் போன் பேட்டரிகள் ஏறக்குறைய மூவாயிரம் சேர்ந்து சேமிக்கும் மின்சக்தி அது. சோலார் வீடுகளுக்கான பேட்டரி வருகிறது, மின்சைக்கிள் வருகிறது. கார் பேட்டரிக்கு இடமிருக்கும் கப்பலில் சாக்லேட் பட்டை அளவுள்ள பேட்டரிக்கு இடமில்லையா?

“சின்னத் தீவு, தேங்கிவிடும்” என்பீர்கள். கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பேர் இருக்கிறோம். எந்த மாடல் எத்தனை விற்றது என்ற கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அதிகம் விற்ற பத்து மாடல்களுக்கு இந்த வருடம் பேட்டரி கேட்டு ஆள் வரும் என்று கணிக்க ஜோசியம் வேண்டாம். பாதிக்கும் கொஞ்சம் குறைவாகச் சார்ஜ் ஏற்றி, ஏசி அறையில் வைத்தால் பேட்டரிக்கு ஒரு வருடத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரமும் உப்புக்காற்றும் படாத ஒரு அலமாரி போதும்.

விதிகளுக்கேற்ப வளைந்து கொடுக்க பிராண்டுகளுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு மின்கலத்தில் (செல்) 20 வாட்-மணிக்கு மேல் போனால் போக்குவரத்து விதிகள் கடுமையாகிவிடும். சுமார் 5,200 மில்லியாம்பியர்-மணியிலேயே அந்த எல்லை முட்டும். அதனால்தான் ஆசியாவில் பெரிய பேட்டரியோடு வரும் சில மாடல்கள் ஐரோப்பாவுக்குச் சிறிய பேட்டரியோடு வருகின்றன. அதே அளவில் கூடுதல் சார்ஜ் பிடிக்கும் சிலிக்கான்-கார்பன் பேட்டரி வந்தபோது எவ்வளவு ஆசையோடு காத்திருந்தேன் தெரியுமா? அதையும் குறைத்துத்தான் கொடுத்தார்கள். விற்பதற்காக போனின் உள்ளமைப்பையே மாற்ற முடிகிறது. விற்ற பிறகு ஒரு பெட்டி பேட்டரியை முன்கூட்டி ஏற்றி அனுப்ப முடியவில்லை என்றால் நான் எப்படி நம்புவது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நாங்கள் சலுகை கேட்கவில்லை என்று தெரிவதற்காக. இந்தத் தீவு 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ உதிரிபாகத்தைப் பழுதுபார்ப்பவருக்கு 15 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது பிரெஞ்சு நுகர்வோர் சட்டம். முன்பு இரண்டு மாதமாக இருந்ததைக் குறைத்துத்தான் 15 நாள் ஆக்கினார்கள். 2021 ஜனவரி 1 முதல் 2025 ஜூன் வரை போன்களின் மேல் பழுதுநீக்க மதிப்பெண் ஒட்டி வந்தீர்கள். நூறுக்குக் கணக்கிட்டுப் பத்துக்குச் சுருக்கிய அந்த மதிப்பெண்ணில், நூறில் 20 உதிரிபாகம் கிடைப்பதற்கு, 20 அதன் விலைக்கு. அம்மாவின் போனை வாங்கிய அன்று பச்சை நிறத்தில் பத்துக்கு எட்டுக்கு மேல் பார்த்துத்தான், இது நீடிக்கும் என்று நம்பி எடுத்தேன். அந்த மதிப்பெண் சேன்-ஆந்த்ரே கடையின் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்தது. அப்படியென்றால் அது சேன்-ஆந்த்ரேயிலும் உண்மையாக இருக்க வேண்டாமா?

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் புதிதாக வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் உதிரிபாகம் தர வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல் வாங்கியவரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்ற விதியும் வருகிறது. படித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன். பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரி மாற்றிய காலத்து ஆள் நான். ஆனால் திறந்து வைத்துக்கொண்டு எதைப் போடுவது? போட வேண்டிய பேட்டரி ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அந்த மூடி திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன.

இணையத்தில் வாங்கிக்கொள் என்பார்கள். முயன்றேன். “பிரான்ஸ் முழுவதும் டெலிவரி” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த தளத்தில் 97440 என்று எங்கள் அஞ்சல் எண்ணைப் போட்டதும், இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது என்று சிவப்பில் வந்தது. ஐந்து தளங்கள், ஐந்திலும் அதே கதை. பிரான்ஸ் முழுவதும் என்றால் எங்களை விட்டுவிட்டா? இது பேட்டரியோடு நிற்பதில்லை. டிவி ரிமோட் முதல் துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் வளையம் வரை இதே பாடுதான். வந்தாலும் கடல்சுங்கம், அனுப்பும் செலவு, கையாளும் செலவு என்று எத்தனை கை மாறுகிறதோ அத்தனை விலை. புயல் வந்தால் இன்னும் மோசம். 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் தீவின் வடக்கைப் புரட்டிப் போட்டபோது ஐந்து உயிர் போனது. லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் பவர் பேங்க் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. தாங்கும் பேட்டரி உள்ள போன் வைத்திருந்தவர்தான் தண்ணீர் லாரி எங்கே வருகிறது என்று மற்றவர்களுக்குச் சொன்னார். பேட்டரி இங்கே ஆடம்பரம் இல்லை, ஐயா.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அம்மாவின் பழைய போன் கடைசியில் எப்படிப் பிழைத்தது தெரியுமா? பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகன் அந்தப் பேட்டரியை வாங்கி, முனைகளில் டேப் ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். 17 வாட்-மணிதான். பயணி தன் கையோடு 100 வாட்-மணி வரை கொண்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை ரோலான் காரோஸ் விமான நிலையத்தில் அவன் வெளியே வந்ததும் முதலில் கட்டிப்பிடிக்கக்கூட இல்லை, “இந்தா உன் பேட்டரி” என்று நீட்டினான். வீட்டில் சூடு காட்டிப் பின்மூடியைத் திறந்து, ஒட்டுப் பசைக்கு ஆல்கஹால் விட்டு, உப்பியதை அலுங்காமல் எடுத்து மணல் நிரப்பிய டப்பாவில் போட்டேன். நாற்பது நிமிட வேலை. அதற்குத்தான் இரண்டு மாதம் காத்திருந்தோம்.

தயவுசெய்து, நீங்கள் விற்கும் போன்களின் பேட்டரிகளைத் தீவிலேயே இருப்பு வையுங்கள். எல்லா மாடலும் வேண்டாம். அதிகம் விற்றவற்றில் தொடங்குங்கள். உங்கள் கடையில்தான் மாற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், தெருமுனையில் போன் பழுதுபார்க்கும் சின்னக் கடைக்காரருக்கும் விலைக்குக் கொடுங்கள். எந்த மாடலுக்கு இங்கே பேட்டரி இருக்கிறது என்ற பட்டியலைக் கடை வாசலில் ஒட்டுங்கள். போன் வாங்க வருகிறவர் அதைப் பார்த்து வாங்கட்டும். நான் அப்படித்தான் வாங்குவேன், என்னிடம் யோசனை கேட்டு வரும் முப்பது நாற்பது குடும்பங்களுக்கும் அதையே சொல்வேன்.

அம்மாவின் போன் இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் நேற்று பக்கத்து வீட்டு அக்கா தன் போனைக் கொண்டு வந்து காட்டினார். பின்மூடியின் ஓரம் தூக்க ஆரம்பித்திருக்கிறது. அவர் வீட்டுக்காரருக்கும் கையில் சென்சார். அத்தை மகன் திரும்பிப் போய்விட்டான். மாடல் எண்ணைப் பிரெஞ்சு மடலில் எழுதியிருக்கிறேன். அந்தப் பேட்டரி தீவில் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி பதில் போடுங்கள். நான் நாளைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேன்-ஆந்த்ரேயிலிருந்து
உங்கள் வாடிக்கையாளன்