அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டெல்லிக் குளிரில் வெறும் டீயைக் குடித்துவிட்டு விடிய விடிய உட்காராதே.

விவசாய மோட்டாருக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தால் தண்ணீர் வீணாகிறது, மீட்டர் வைக்க வேண்டும் என்று நீ எழுதியது பேப்பரில் வந்திருப்பதாகச் சின்னம்மா கொண்டுவந்து கொடுத்தாள். உன் பெயரை அச்சில் பார்த்ததும் டீக்கடை வரைக்கும் எடுத்துப் போய்க் காட்டினேன். பொங்கலன்று நான் சொன்னதில் ஒரு வரிகூட அதில் இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

உன் கணக்கு சரி. காசில்லாத கரண்டை யாரும் நிறுத்துவதில்லை. மோட்டார் ஓடத் தேவையான மூணு பேஸ் கரண்ட் நடுச்சாமத்தில் வரும். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்குவோம். விடிந்து பார்த்தால் தென்னைக்குப் பாய்ந்தது போக வண்டித்தடம் வரைக்கும் தண்ணீர் நிற்கும். ஆனால் அப்புறம் நடந்ததை நீ எழுதவில்லை. மேற்குத் தோட்டத்தில் பெரிய மோட்டாரை இறக்கினார்கள், நம் பக்கத்துக் கிணறுகள் வற்றின. மாமன் கடன் வாங்கி, போர் போடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்தார். ஆயிரம் அடிக்கும் தண்ணீர் வரவில்லை, புகைதான் பறந்தது. தோட்டம் முழுக்கக் கல்மாவு. வட்டி இன்னும் ஓடுகிறது. இல்லாதவனுக்கென்று கொடுத்த சலுகை, ஆழமாகத் தோண்டக் காசுள்ளவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இதைத்தான் நீ எழுத வேண்டும்.

மீட்டர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறாய். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்த ஊர்ப்பக்கம் இது. யூனிட்டுக்குச் சில பைசாவுக்கான போராட்டம். அப்பாரு அங்கே செத்தவர்களின் நினைவுத் தூணுக்கு மாலை போடப் போனது உனக்குத் தெரியும். இங்கே மீட்டர் என்றாலே நாளைக்குப் பில் வரும் என்றுதான் அர்த்தம். பஞ்சாபில் 2018-ல் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள்: இவ்வளவு யூனிட் உனக்கு என்று ஒதுக்கிவிட்டு, மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயி கணக்கில் போட்டார்கள். மோட்டாரை நிறுத்தினால் அவனுக்கே லாபம். அப்படி ஒரு வழி சொல்லியிருந்தால் நம் ஆட்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். உனக்குத் தெரியாததா இது?

சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

நீ போன் எடுக்காததைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாகப் பேசியபோது குரல் கம்மியிருந்தது என்றாள், அவ்வளவுதான். அங்கே ஏதாவது பிடிக்கவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு. காரணம் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோட்டத்துக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடு.

அப்பா