காப்பீட்டுக்குப் பயன்படும் செயற்கைக்கோள் படத்தை விவசாயிக்கும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயிர்க் காப்பீட்டில் மகசூலைக் கணக்கிட இப்போது செயற்கைக்கோள் படமும் சேர்கிறது என்பது எங்கள் டெல்டா பக்கம் நிறைய பேருக்கு இன்னும் தெரியாது. 2023 முதல் நெல், கோதுமை இரண்டுக்கும் இப்படி வரும் கணக்குக்கு மொத்த மகசூல் கணக்கில் குறைந்தது 30 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. இதை நடைமுறைப்படுத்தும் 9 மாநிலங்களில் தமிழ்நாட்டையும் மத்திய அரசு சொல்லியிருக்கிறது.

நல்ல விஷயம்தான். கிராமத்துக்கு 4 வயலில் அறுத்து எடை போட்டு, அதை வைத்து ஊர் முழுக்க ஒரே சராசரி போடும்போது மேட்டு வயலும் பள்ள வயலும் ஒன்றாகிவிடுகின்றன. வானத்திலிருந்து பார்த்தால் எல்லா வயலும் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டு சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தைத் தாண்டி, தண்ணீர் தேங்கிய இடத்தைக் காட்டிவிடும். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு மா (சுமார் 33 சென்ட்) நிலத்துக்கே 13 புள்ளி வரும்.

இந்தப் படங்கள் எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள் படங்களும் அப்படித்தான், 2023 இந்திய விண்வெளிக் கொள்கைப்படி ஒரு புள்ளி 5 மீட்டரோ அதற்கு மேலோ உள்ள படங்கள் எல்லோருக்கும் திறந்தவை. ஜூலை 2025-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளின் ரேடார் தரவும் இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் இலவசப் படத்தை வைத்துத் தனியார் நிறுவனங்கள் கணக்குப் போட்டு விற்கும் மகசூல் வரைபடம் மட்டும் விவசாயி கண்ணில் படுவதே இல்லை! பிரீமியம் கட்டியது நாங்களும் அரசும், அப்புறம் யாருக்காக இதைப் பூட்டி வைக்கிறார்கள்?

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் கதையைப் பாருங்கள். 1980-களில் அதைத் தனியாரிடம் கொடுத்தார்கள், ஒரு படம் 4,000 டாலரைத் தாண்டியது, பல்கலைக்கழகங்களால்கூட வாங்க முடியவில்லை. 2008-ல் இலவசமாக்கிய பிறகுதான் பயன்பாடு பல மடங்கு ஏறியது, காடு அழிவையும் ஏரி வற்றுவதையும் உலகம் முழுக்க ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிந்தது. அதை வைத்துத் தொழில் செய்த நிறுவனங்களும் கூடத்தான் செய்தன, குறையவில்லை.

கணக்குப் போடும் முறையை நிறுவனங்கள் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், அதை நான் கேட்கவில்லை. முடிவாக வந்த வரைபடத்தையும், எந்தத் தேதிப் படங்களை வைத்துப் போட்டார்கள் என்பதையும் வருவாய் கிராம வாரியாக, இழப்பீடு அறிவிக்கும் முன்பே வெளியிட வேண்டும். வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு பிரதி ஒட்டினால் போதும், எங்கள் வயல் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். வயலில் நின்ற தண்ணீர் படத்தில் இல்லை என்றால் ஆட்சேபம் சொல்ல 15 நாள் அவகாசம் வேண்டும். வேளாண்மைத் துறை இந்தச் சம்பா பருவத்துக்கே இதற்கு உத்தரவு போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.