சிகானா ஓவியர்களை அவர்கள் வாயாலேயே கேட்போமே

உலக ஓவியம் பற்றித் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோ என்றதும் நம் கட்டுரைகள் பிரிடா காலோவிடம் போய் நின்றுவிடுகின்றன. எல்லைக்கு வடக்கே, அமெரிக்காவில் வளர்ந்த மெக்சிக வம்சாவளிப் பெண்களான சிகானா ஓவியர்கள் எப்போதாவது தலைகாட்டினால், ‘எதிர்ப்புக் கலை’, ‘அடையாள அரசியல்’ என்று இரண்டு முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறோம். நானும் குத்தியவன்தான்.

எஸ்டர் எர்னாண்டஸின் ‘சன் மேட்’ (Sun Mad, 1982) படம் நினைவிருக்கிறதா? சன் மெய்ட் உலர் திராட்சை டப்பாவில் சிவப்புத் தொப்பியும் கை நிறையத் திராட்சையுமாக ஒரு பெண் சிரிப்பாளே, அவள் இடத்தில் எலும்புக்கூடு. ‘இயற்கைக்கு மாறாக விளைந்தது’ என்று கீழே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிப் பட்டியல். விளம்பர நையாண்டி என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் எர்னாண்டஸ் தன் கதையை டினூபாவிலிருந்து தொடங்குகிறார். கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். பண்ணைத் தொழிலாளர் குடும்பம். அம்மாவைப் பார்க்கப் போன இடத்தில், ஊர்த் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருப்பது தெரியவருகிறது. தான் குடித்துக் குளித்து வளர்ந்த தண்ணீர். அப்புறம் அந்த மண்டையோட்டின் பல்வரிசையைப் பாருங்கள், நையாண்டி என்று சொல்ல வாய் வராது.

யோலாண்டா லோபஸ் 1978இல், மெக்சிகர்கள் வணங்கும் மேரி மாதா வடிவமான குவாதலூப்பே மாதாவின் இடத்தில் தன்னையும் அம்மாவையும் பாட்டியையும் வரைந்தார். தெய்வ நிந்தனையா இல்லையா என்ற வாதத்தையே நாம் சுற்றிச் சுற்றி வருகிறோம். அம்மாவின் படத்தில் என்ன நடக்கிறது? தையல் மிஷினில் உட்கார்ந்து, மாதாவின் நட்சத்திரம் பதித்த அந்த நீல மேலாடையைத் தானே தைத்துக்கொண்டிருக்கிறார். நிஜத்திலும் தையல் வேலை பார்த்தவர் அவர். தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது: மார்கரெட் எஃப். ஸ்டூவர்ட்.

சுவரோவியர் ஜூடி பாக்காவுக்குப் பள்ளியில் ஸ்பானிஷ் பேசத் தடை. இங்கிலீஷ் புரியாத பிள்ளையை டீச்சர் ஒரு மூலையில் உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளைதான் பிற்பாடு, 1976 முதல், நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸின் வெள்ளநீர்க் கால்வாய்ச் சுவரில் அரை மைல் நீளத்துக்கு வரலாற்றை வரைந்தது.

ஓவியர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவரவில்லை. ஞாபகம் கொஞ்சம் மெருகேற்றத்தான் செய்யும். சரி, அதையும் சேர்த்தே எழுதுவோம். விமர்சகரின் சொல்லை அப்படியே எடுத்தாளும் நமக்கு, வரைந்தவரின் சொல்லில் மட்டும் ஏன் இவ்வளவு சந்தேகம்?

பாக்காவின் 1986 பேட்டியும், டெக்சஸின் கிங்ஸ்வில்லில் பிறந்த சிகானா ஓவியர் கார்மென் லோமாஸ் கார்ஸாவின் 1997 பேட்டியும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அனுமதி கேட்டு மொழிபெயர்க்கலாம். லோமாஸ் கார்ஸாவை நான் எடுத்துக்கொள்கிறேன். பாக்காவை யார் எடுக்கிறீர்கள்?

அன்புடன்,
உங்களில் ஒருவன்