குசினிக்குள் கமரா வேண்டாம்

மானிப்பாய்,
திருவாதிரைக்கு மறுநாள்.

அன்புள்ள புவனேஸ்,

உன் கடிதம் போன கிழமை வந்தது. கையில் கட்டோடு இருந்துகொண்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். எழுத்து உடுவிலில் படித்த காலத்தைவிட வடிவாக இருக்கிறது, அப்போ முறிந்தது இடது கை என்று நினைக்கிறேன். உறைந்த படியில் வீட்டுச் செருப்போடு இறங்கினேன் என்று நீ எழுதியதை வாசிக்கச் சிரிப்பும் வந்தது, கோவமும் வந்தது. குப்பை வாளியை வெளியே வைக்க உன் பேரன்மாரில் ஒருவனும் அகப்படவில்லையா? சரி, விடு. கட்டு அவிழ்த்த பிறகு அவர்கள் சொல்லித்தரும் பயிற்சியை மட்டும் பஞ்சிப்படாமல் செய்.

கடைசிப் பக்கத்தில், இந்த விடுமுறைக்கும் அந்தப் பெரிய வீட்டில் தனியே இருக்கப் போகிறாயே என்று கவலைப்பட்டிருந்தாய். எடியே, போன நான்கு நாளில் தனியே இருக்க ஒரு கால் மணித்தியாலம் கிடைத்திருந்தால் மருதடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்திருப்பேன்.

சனி, ஞாயிறு, திங்கள் கிறிஸ்மஸ், செவ்வாய் பௌர்ணமிப் போயா. லீவு அடுக்காக வந்ததும் கொழும்பில் இருக்கிற யாழ்ப்பாணத்தார் முழுப்பேரும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டுவிட்டார்கள். றெயினில் இடமில்லை. மகள் குடும்பம் வெள்ளி இரவு வெள்ளவத்தையில் பஸ் ஏறி, சனி விடியப்புறம் இருட்டோடு ஓட்டோவில் வந்து இறங்கியது. சரியாக அந்த நேரம்தான் திருவெம்பாவைப் பெடியள் எங்கள் ஒழுங்கையால் வந்தார்கள். சங்கும் சேமக்கலமும் உனக்கு ஞாபகம் இருக்குமே. பேரன் அரைத்தூக்கத்தில் ஓட்டோவால் இறங்கினவன், சங்குச் சத்தம் கேட்டு "அம்மம்மா, அம்புலன்சா?" என்று என் சீலையைப் பிடித்துக்கொண்டான். கொழும்புப் பிள்ளைக்கு விடியற்காலையில் ஊதுகிற சாமான் வேறு என்ன தெரியும்?

ஆனால் மறுநாள் ஆள் மாறிவிட்டான். நாலு மணிக்கு நான் எழும்ப அவனும் எழும்பி, கிணற்றடியில் முழுகி, வெறும் மேலோடு பெடியளுக்குப் பின்னால் போனான். மாரிக்குக் கிணறு வாய்வரைக்கும் வந்து நிற்கிறது. வெளியே வாடைக்காற்று, தண்ணீர் மட்டும் இளஞ்சூடு. முதல் வாளி ஊற்றும்வரை கத்தினவன் பிறகு வெளியே வரமாட்டேன் என்று நின்றான். இங்கே விடியற்காலையில் 22, 23 பாகை. ஸ்காபரோவில் இருந்துகொண்டு நீ சிரிப்பாய், எங்களுக்கு அதுவே கம்பளிக் குளிர். சந்தியில் ஒரு பெரிய பெடியன் சேமக்கலத்தை இவன் கையில் கொடுத்துவிட்டான். தாளமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஏதோ களவு எடுத்தவனை ஊர் துரத்துவது மாதிரி அடித்தான். பாடினவர்கள் பாவம், இவனுடைய அடிக்கு ஏற்ப ஓடி ஓடிப் பாடினார்கள். இருபது பாட்டும் அண்டைக்குக் கெதியாய் முடிந்துவிட்டது என்று ஐயர்கூடச் சொன்னாராம்.

இனி மச்சக் கதைக்கு வருகிறேன். பிள்ளையார் பெருங்கதை விரதம் 21 நாளும் முடிய, கையோடு திருவெம்பாவை. ஆகவே என்னுடைய குசினிக்குள் கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு மீன் மணக்கவில்லை. மருமகன் நல்ல பிள்ளை, வாய்விட்டு ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் யாழ்ப்பாணம் வந்து நண்டு சாப்பிடாமல் திரும்பிப் போவது அவருக்கு எவ்வளவு பெரிய துக்கம் என்று முகத்தில் தெரிந்தது. சனி மத்தியானம் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் முருங்கையிலை வறையும் போட்டேன். "நல்லாயிருக்கு மாமி" என்றார். அந்த "நல்லாயிருக்கு" எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு றோஸ்மலர் அக்காதான் வழி கண்டுபிடித்தா. ஞாயிற்றுக்கிழமை தங்கள் வளவில் கூழ் காய்ச்சுவோம் என்றா. அவவுடைய தம்பி காலமே சின்னக்கடைக்குப் போய் நண்டு, இறால், மீன்தலை எல்லாம் வாங்கிவந்தார். ஒடியல் மா என்னுடையது, போன சித்திரையில் காய்ந்த பனங்கிழங்கை இடித்து அரித்துப் பேணியில் வைத்தது. பயற்றங்காயும் மரவள்ளியும் என் வளவு. பலாக்கொட்டை அவவுடையது. முன்பு வேலியில் ஒரு பொட்டு இருந்ததே, நீயும் நானும் மாங்காய்க்குப் பூந்து போவோமே, அந்த இடத்தில் இப்போது மதில் கட்டி ஒரு சின்னப் படலை வைத்திருக்கிறோம். அதால் ஒடியல் மா போனது, மருமகன் போனார், பிள்ளைகள் போனார்கள்.

நான் போகவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்தேன். ஆனால் சும்மா இருக்க முடியுமா? மாவை ஊறப்போட்டு மேல்தண்ணீரை எத்தனை தரம் வடித்தீர்கள் என்று கேட்டால், மகள் ஒருதரம் என்கிறாள். கைக்கும் பிள்ளை, இன்னும் இரண்டு தரம் வடி என்றேன். அரிசியும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் வெந்து, நண்டு சிவந்து வந்தபிறகுதான் புளியும் இடித்த செத்தல் மிளகாயும். மாவைக் கரைத்து விடுவது கடைசியில், விட்டபிறகு அகப்பை நிற்கக்கூடாது, அடிப்பிடித்துவிடும். எல்லாம் மதிலுக்கு மேலால் கட்டளை. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது மணத்திலேயே தெரிந்துவிட்டது. "றோசக்கா, புளி காணாது!" என்று கத்தினேன். அவ ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, "ஓமடி சரசு, காணாதுதான்" என்றா. மருமகன் அதைக் கொழும்பு போய் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ தெரியாது. வாயில் வைக்காமல் ஒரு சட்டி கூழ் காய்ச்சினவள் உன் சிநேகிதி.

பனையோலைப் பிளா கோல இப்போது ஆள் இல்லை. பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திக் கொடுத்தார்கள். பேத்திக்குப் பதின்மூன்று வயது, போனைக் கீழே வைக்காத பிள்ளை. கூழ் குடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் வைத்தாள்.

இந்தச் சந்தோசத்துக்கு நடுவில்தான் கமராப் பிரச்சினை. ஞாயிறு காலமே எட்டரைக்கு மகன் ரொறன்ரோவில் இருந்து வீடியோவில் வந்தான். அங்கே சனி இரவு பத்துமணி. தமக்கையும் தம்பியும் முதலே கதைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மருமகன் பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே நான்கு கமரா. ஒன்று கேற்றுக்கு, ஒன்று விறாந்தைக்கு, ஒன்று குசினிக்கு, ஒன்று பின்வளவுக்கு. "அம்மா, நீங்கள் விழுந்து கிடந்தாலும் எங்களுக்குத் தெரியாது" என்கிறான் மகன். அவன் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே பாதி வீட்டில் ஒரு கிழவியோ கிழவனோ மட்டும்தான், அவர்களில் பலருடைய வீட்டில் கமரா இருக்கிறது. பிள்ளைகள் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்து தாய் தேத்தண்ணி ஊற்றுவதைப் பார்க்கிறார்கள்.

எனக்கு அது ஒத்துவராது, புவனேஸ். நான் உப்புப் போட்டேனா, மத்தியானம் சாப்பிட்டேனா, பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்தேனா என்பதெல்லாம் என் சொந்தக் கணக்கு. இவர் போய் இத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கு மிச்சம் இருக்கிற சுதந்திரமே யாரும் பார்க்காத குசினிதான். 95இல் சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்குப் போய், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சீலையைக் கட்டி மறைப்புப் போட்டுச் சீவித்தவள் நான். சனத்துக்கு நடுவில் உடுப்பு மாற்றி, சனத்துக்கு நடுவில் சமைத்து, சனத்துக்கு நடுவில் அழுதது போதும். இதை மகனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது சின்ன வயது, அந்த மண்டபம் அவனுக்கு விளையாட்டுத் திடலாகத்தான் ஞாபகம், அது அப்படியே இருக்கட்டும். "கேற்றுக்கு ஒன்று பூட்டு, பின்வளவுக்கு ஒன்று பூட்டு. குசினிக்குள் வேண்டாம், விறாந்தையிலும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். மகள் என் பக்கம் வந்தாள். நாளைக்கு அவளுக்கும் இது வரும் என்று யோசித்திருப்பாள்.

விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. அதற்கு றோஸ்மலர் அக்காவும் நானும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். காலமே ஆறரைக்கு முன்னர் நான் முற்றம் கூட்டும் சத்தம் கேட்காவிட்டால் அவ படலையால் வருவா. அவவுடைய றேடியோ கேட்காவிட்டால் நான் போவேன். இதைச் சொன்னபோது மகன், மழை பெய்தால் முற்றம் கூட்டமாட்டீர்களே என்றான். கெட்டிக்காரன்தான். மழையென்றால் விளக்குமாற்றின் பிடியால் மதிலில் தட்டுவேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அந்த நிமிசம் கண்டுபிடித்ததுதான், ஆனால் இப்போது அப்படியே செய்கிறோம்.

கிறிஸ்மஸ் அன்று றோஸ்மலர் அக்கா கோயிலால் வந்த கையோடு கேக் கொண்டுவந்தா. றவையும் கஜுவும் நீற்றுப்பூசணி இனிப்பும் போட்டு, ஐப்பசியிலேயே செய்து பிராந்தி ஊற்றி ஊறவைத்தது. முட்டை இருப்பதால் திருவாதிரை முடியும்வரை என் வீட்டில் வெட்டமுடியாது, பேணியில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன். பேரன் அந்த அலுமாரியைச் சுற்றியே இரண்டு நாளும் திரிந்தான். "முட்டை வெளியே தெரியவில்லையே அம்மம்மா, சாமிக்கு எப்படித் தெரியும்?" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவனையும் பேணியையும் படலையால் அந்தப் பக்கம் அனுப்பினேன், அங்கே இருந்து தின்றுவிட்டு வந்தான். இரவு கரோல்காரர் மேளத்தோடு வந்தார்கள், நத்தார் தாத்தா மழையில் நனைந்து தாடி எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நம் வீட்டு விறாந்தையிலும் ஒரு பாட்டுப் பாடினார்கள். உடுவிலில் நாம் படித்த அதே பாட்டு. நீ ஒவ்வொரு வருசமும் சுருதி விலகும் அந்த இடத்தில் நானும் விலகினேன், உனக்கு மரியாதையாக.

அப்புறம் கரண்டு போய்விட்டது. மெழுகுதிரி ஒன்றுதான் இருந்தது. ஜாம் போத்தலில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுக் கொளுத்திக் காட்டினேன். சண்டைக் காலத்தில் கரண்டு இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி றேடியோவில் பாட்டுக் கேட்ட கதையையும் சொன்னேன். பேத்தி நம்பவில்லை. "யார் சுற்றினது?" என்றாள். உன் அண்ணன்தான் என்றேன். தொடர்ந்து சுற்றினால் அரைமணித்தியாலத்துக்கு மேல் கை தாங்காது என்பதால் நாடகம் எப்போதும் பாதியில் நின்றுவிடும் என்றதற்கு, "அப்போ எபிசோட் மாதிரி" என்று முடித்துவிட்டாள்.

செவ்வாய் மழை விட்டது. மருமகன் பிள்ளைகளை நவாலிப் பக்கம் வழுக்கையாறு பார்க்கக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்துக்கு இருக்கிற ஒரே ஆறு, அதுவும் மாரிக்கு மட்டும் ஓடுகிற ஆறு. களனி கங்கை பார்த்த பிள்ளைகளுக்கு இது வாய்க்கால்தான். அன்று இரவே பஸ் ஏறிவிட்டார்கள். நேற்றுத் திருவாதிரைக்கு நான் தனியே போய்க் கும்பிட்டு வந்தேன். இன்று காலமே தேத்தண்ணியோடு கேக்கில் எனக்கென்று எடுத்துவைத்த துண்டைச் சாப்பிட்டேன். பிராந்தி கொஞ்சம் கூடத்தான்.

இப்போது பிரச்சினை ஆறு படுக்கை விரிப்பு. தோய்த்துப் போட்டாயிற்று, காய வெயில் இல்லை. விறாந்தை முழுக்கக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சிரட்டை, பூச்சாடி எல்லாம் கவிழ்த்துத் தண்ணீரும் ஊற்றவேண்டும், இந்த மாதம் ஊருக்குள் டெங்கு. இதற்கிடையில் மகன் மத்தியானம் எடுத்து, "அம்மா, மழைக்குள் குடையில்லாமல் ஏன் கேற்றடிக்குப் போனீர்கள்?" என்கிறான். தபால்காரர் வந்தார், போனேன். கேற்றுக் கமராவுக்குச் சம்மதித்தது நான்தானே, என்ன சொல்வது.

நீ ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரலாம் என்று எழுதியிருக்கிறாய். வராதே என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெயிலில் கிணறு அடியில் கிடக்கும், வெளிநாட்டுக்காரர் கூட்டத்தில் உன்னை நான் தேடித்தான் பிடிக்கவேண்டும். மார்கழியில் வா. கை சுகமாகிவிடும், இங்கே உறைந்த படியும் இல்லை. ஒரு மாதம் நின்றால் பொங்கலும் பார்க்கலாம், பின்வளவுப் பனம்பாத்தியில் கிழங்கும் பதமாகியிருக்கும். சாமான் ஒன்றும் சுமந்து வராதே, இங்கே எல்லாம் கிடைக்கிறது. முழங்காலுக்குப் பூச நீ போனமுறை அனுப்பின அந்தப் பச்சை மூடிக் களிம்பு மட்டும் இரண்டு கொண்டுவா. ஒன்று எனக்கு, ஒன்று றோஸ்மலர் அக்காவுக்கு. அவ என்னுடையதைக் கேட்டு வாங்கி முடித்துவிட்டா.

அன்புடன்,
சரசு