புல்வெளியில் குழி வெட்டாதீர்கள்: வன அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நடந்த மரம் நடும் விழாவைப் பற்றித்தான் எழுதுகிறோம். எந்த மேடு, நாங்கள் யார் என்றெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அங்கே வேலை செய்ய எங்களுக்கு அனுமதிக் கடிதம் தந்ததே உங்கள் அலுவலகம்தான். விருந்தினர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்ட சரிவில், சில மழைக்காலமாக நாங்கள் சீகைக் கன்றுகளை (சீயக்காய் இல்லை, வாட்டில் என்னும் அயல்நாட்டு மரம்) பிடுங்கிப் புல் நட்டு வந்தோம். இன்று அந்தச் சரிவு முழுக்கக் குழி. குழிக்கு ஒரு நாற்று, பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி.

புல் நடுவது என்றால் விதையைத் தூவிவிட்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல புல்வெளி மிஞ்சியிருக்கும் இடத்திலிருந்து, அங்கே வழுக்கை விழாதபடி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூர் எடுக்க வேண்டும். அதைப் பிரித்து, பையில் மண் நிரப்பி, வேர் பிடிக்கும்வரை நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழை இறங்கியதும் கூடையில் அடுக்கித் தலைச்சுமையாக மேடேற்ற வேண்டும். இந்த வேலையில் பாதியைச் செய்பவர்கள் எஸ்டேட்டில் ஆறு நாளும் கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்காக்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை அது. துணி துவைக்க வேண்டிய, ரேஷனுக்குப் போக வேண்டிய நாளில் மலையேறி வருகிறார்கள். கூலி கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு, அதுவும் அவர்களே கட்டிக்கொண்டு வந்தது. நட்ட புல் தூர் கட்டிப் பக்கத்துப் புல்லைத் தொட்டது போன வருடம்தான். அந்தத் தூர்களுக்கு நடுவில்தான் கடப்பாரை இறங்கியிருக்கிறது. 2018-ல் பூத்து உதிர்ந்த விதையிலிருந்து வந்த குறிஞ்சிச் செடிகளும் குழி மண்ணோடு போயிருக்கின்றன. 2030-ல் பூக்க வேண்டியவை.

கேட்டதற்கு, “நாட்டு மரம்தானே வச்சிருக்கோம், சோலை மரம்தானே, சந்தோஷப்படுங்க” என்றார் உங்கள் களப்பணியாளர் ஒருவர். சோலை என்னும் மலைக்காட்டின் மரங்கள் எங்களுக்கும் பிடித்தவைதான். ஆனால் சோலை எங்கே நிற்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால் போதும். ஓடை இறங்கும் மடிப்பில், காற்று அடங்கிய பள்ளத்தில் நிற்கிறது. திறந்த மேட்டில் புல்தான் நிற்கிறது. யாரோ மரத்தை வெட்டியதால் வந்த பொட்டல் இல்லை இது. மனிதர் இங்கே குடியேறும் முன்பே இருந்த புல்வெளி. டிசம்பர், ஜனவரி உறைபனியை அந்த இளநாற்றுகளில் பெரும்பாலானவை தாங்கா. நாற்று கருகிப் போகும், கிளறிய மண் மட்டும் மிஞ்சும். அதில் என்ன முளைக்கும் என்று உங்களுக்கே தெரியும். சீகை விதை ஐம்பது வருடம்கூட மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறி வெயில் பட வைத்தால் போதும், கிளம்பிவிடும்.

சரி, நட்ட நாற்றுகளை நாங்களே எடுத்துப் பள்ளத்துச் சோலை ஓரத்தில் நட்டுவிடுகிறோம் என்று சொன்னோம். “அரசாங்கம் வச்ச கன்னு, கை வச்சா கேஸ்” என்று பதில் வந்தது. அதாவது, நீங்கள் பிடுங்கச் சொன்ன கன்றைப் பிடுங்கிய அதே கைகள், அதே மண்ணில் இன்னொரு கன்றைத் தொட்டால் குற்றம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புல்வெளியில் மரம் நடாதீர்கள். நட்டதை எடுக்க அனுமதி தாருங்கள்.

இந்தச் சீகையை இங்கே கொண்டுவந்து பரப்பியது ஊர்க்காரர்கள் இல்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக நட்டது வனத்துறை. பழனி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். போன இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்தவை சீகையும் பைனும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும். இதே சீகை தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று தென்னாப்பிரிக்க அரசு 1995 முதல் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து வெட்ட வைக்கிறது. நாங்கள் சம்பளம் கேட்கவில்லை. தமிழ்நாடு அரசும் 2022-ல் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கக் கொள்கையே வெளியிட்டது. அதன் பிரதி உங்கள் மேசையில் இருக்கும்.

அதே 2022-ல் வந்த பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின், மாநில நிலத்தில் 33 சதவீதம் காடும் மரமுமாக வேண்டும் என்ற இலக்கும் உங்கள் மேசையில் இருக்கிறது என்பது புரிகிறது. நாட்டின் வனப்பரப்புக் கணக்கு மரக்கிளையின் விரிப்பை வைத்துத்தான் போடப்படுகிறது. சீகை மண்டிய சரிவு அதில் காடு, வரையாடு மேயும் புல்வெளி ஒன்றுமில்லை. இந்தக் கணக்கின்படி நாங்கள் ஞாயிறுதோறும் வனத்தை அழித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் மேல் கேஸ் போடுவதானால் அந்தக் காரணத்துக்காகவாவது போடுங்கள், அக்காக்கள் சிரித்துக்கொண்டே வந்து கையெழுத்துப் போடுவார்கள். விழாவுக்கு மேடை போடக் கிடைத்த வேகம் எங்கள் அனுமதிக் கடிதத்துக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக மனு, புதிதாகக் காத்திருப்பு. கடிதம் வரும்போது மழை முடிந்து மண் இறுகியிருக்கும். இறுகிய மண்ணில் கன்று வேரோடு வராது, ஒடிந்துதான் வரும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் களப்பணியாளர்கள் பலர் எங்களோடு மழையில் நனைந்தவர்கள், அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை.

பணிவோடு மறுபடி கேட்கிறோம். புல்வெளியில் மரம் நடாதீர்கள். உறைபனி தொடங்குமுன் அந்த நாற்றுகளைச் சோலை ஓரத்துக்கு மாற்ற எழுத்தில் அனுமதி தாருங்கள். குழிகளை மூடிப் புல் வைப்பது எங்கள் பொறுப்பு, பைகளில் புல் தயாராக இருக்கிறது. அடுத்த விழாவுக்கு இடம் பார்க்கும் முன் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள். மரம் நட வேண்டிய இடங்கள் பள்ளத்தில் நிறைய இருக்கின்றன, கூடவே வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைப் புல்வெளிக் குழுவினர்